பாக்ஸரில் எது ஒரிஜினல்?

சில பேருக்கு நாய் என்றாலே ஆகாது. அவர்கள் இந்தப் பதிவை இப்போதே மூடிவிட்டு, போன வாரம் எழுதிய மியூச்சுவல் ஃபண்ட் பதிவுக்குப் போகலாம். (அதை இதுவரை ஒன்பது முறை திறந்திருக்கிறார்கள். அதில் நாலு முறை நான்.) மற்றவர்கள் வாங்க.

கோவையில் எங்கள் அத்தை வீட்டில் ராக்கி என்று ஒரு பாக்ஸர் இருந்தான். பழுப்பு உடம்பு, நெஞ்சில் வெள்ளை, நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, மூக்கிலிருந்து நெற்றி வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. காலண்டரில் போடலாம், அப்படி இருப்பான். வால் மட்டும் கட்டை விரல் அளவு. மாமா அவனை வாங்கப் போனபோது விற்றவர் சொன்ன ஒரே விவரம், "இது அமெரிக்கன் லைன் சார், ஜெர்மன் லைன்னா வேற ரேட்டு" என்பதுதான். எது ஒசத்தி என்று மாமாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரேட்டை மட்டும் சொன்னார்.

ஆறு வயதில் ஒருநாள் காலையில் பேப்பர் போடுகிற பையனைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே வாசலில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை. அதற்கு நாலு மாதம் முன்பும் ஒரு தடவை விழுந்து, அரை நிமிடத்தில் எழுந்து, ஒன்றுமே நடக்காதது போலத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான். "வெயிலுக்குத்தான் கண்ணு" என்றார் அத்தை. நாங்களும் நம்பினோம். எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் சொன்னது: "ஹார்ட்டா இருக்கும். இந்த ஜாதியில உண்டு."

அந்த 'இந்த ஜாதியில உண்டு' என்னை விடவில்லை. தேட ஆரம்பித்தேன். பாக்ஸர் பற்றி எங்கே தேடினாலும் கடைசியில் ஒரு சண்டையில்தான் போய் நிற்கிறது. ஜெர்மன் பாக்ஸர் உசத்தியா, அமெரிக்கன் பாக்ஸர் உசத்தியா, நடுவில் பிரிட்டிஷ் பாக்ஸர் என்று ஒன்று எதற்கு? சிவாஜி எம்ஜிஆர் சண்டைக்குக் கொஞ்சமும் குறையாது. படித்து முடித்ததும் எனக்கு என்று ஒரு கருத்து வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் கதை. பாக்ஸர் ஜெர்மனி நாய். அதன் பாட்டன் புல்லன்பைஸர். பன்றி, கரடி வேட்டையில் விலங்கைக் கவ்விப் பிடித்து, வேட்டைக்காரன் வரும்வரை விடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. வேட்டைக் காலம் போனபின் கசாப்புக்கடைக்காரர்களும் மாட்டு வியாபாரிகளும் வைத்திருந்தார்கள். அதில் இங்கிலாந்து புல்டாக்கைக் கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மியூனிக் நகரத்தில் உருவாக்கியதுதான் இன்றைய பாக்ஸர். 1895-ல் அங்கே சங்கம் ஆரம்பித்தார்கள். 1902-ல் 'பாக்ஸர் என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று முதல் இலக்கண ஏடு வந்தது. பிறகு வந்ததெல்லாம் இந்த ஏட்டின் திருத்தப் பதிப்புகள்தான்.

இப்போது நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு வருகிற விஷயம். 1930-களில் ஜெர்மனியில் பேர் பெற்ற பாக்ஸர் பண்ணை 'ஃபான் டோம்'. நடத்தியவர் ஃப்ரீடெருன் ஸ்டாக்மன் என்ற பெண்மணி. மரச் சிற்பமும் செய்வார். நல்ல நாய் இருந்தது, கையில் காசில்லை. அமெரிக்காவில் காசு இருந்தது, நல்ல நாய் இல்லை. மிச்சத்தை எக்கனாமிக்ஸ் முதல் வருடப் புத்தகமே சொல்லிவிடும். 1934-ல் சிகுர்ட் கப்பலேறியது. 1936-ல் டோரியன், 1937-ல் லுஸ்டிக், 1939-ல் உட்ஸ். டோரியன் மட்டும் வேறு பண்ணையில் பிறந்தது, ஆனால் அதுவும் சிகுர்ட்டின் பேரன்தான். லுஸ்டிக்கும் உட்ஸும் அண்ணன் தம்பி, அவர்களுக்கும் சிகுர்ட்தான் தாத்தா. அதாவது நாலு நாய், ஒரே குடும்பம். அமெரிக்க பாக்ஸர்காரர்கள் இன்றைக்கும் இந்த நாலையும் 'நான்கு குதிரைவீரர்கள்' என்று சொல்கிறார்கள். அங்கே இருக்கும் பாக்ஸர்களில் பெரும்பாலானவற்றின் வம்சாவளியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் இவர்களிடம்தான் போய் முட்டும்.

எங்கள் பாஷையில் சொன்னால் ஸ்டாக்மன் அம்மா விற்றது சரக்கை இல்லை, மெஷினை. அந்த மெஷின் அங்கே போய் உற்பத்தியை ஆரம்பித்துவிட்டது. 1949-ல் அவரையே நடுவராக அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். அங்கே இரண்டு மூன்று மாதக் குட்டி ஒன்றைத் தூக்கி 'குட்டி லுஸ்டிக்' என்று பரிசு கொடுத்தார். அதுதான் பேங் அவே. 1951-ல் நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் எல்லா இனங்களையும் தாண்டி முதல் பரிசு வாங்கியது. அதற்கு முன் 1947-லும் 1949-லும்கூட அங்கே ஜெயித்தது பாக்ஸர்தான். ஐந்து வருடத்தில் மூன்று முறை! 1950-களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பாக்ஸர் வந்ததற்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? தான் விற்ற நாயின் முகத்தை, விற்ற ஊரில், அடுத்தவர் வீட்டுக் குட்டியிடம் பார்த்தபோது அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரே தாத்தா. அப்புறம் எப்படி இரண்டு வேறு நாய்?

படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மன் பாக்ஸருக்குத் தலை பெரிசு, எலும்பு தடிமன், மூஞ்சி அகலம், உதடு தொங்கல், வெள்ளை கம்மி. அமெரிக்கன் ஒல்லி, கழுத்து நீளம், தோல் உடம்போடு ஒட்டினாற்போல, நிற்கிறபோதே சினிமா போஸ், பல சமயம் காதை வெட்டி மேலே நிமிர்த்தி வைத்திருப்பார்கள். பிரிட்டிஷ் இரண்டுக்கும் நடுவில். ஜெர்மன், ஹாலந்து நாய்களில் ஆரம்பித்து, அப்புறம் அமெரிக்க ரத்தமும் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற நாயை ஆறு மாதம் தனியே அடைத்து வைக்கும் வெறிநாய்க்கடிச் சட்டம் அங்கே 2000 வரைக்கும் இருந்தது. இறக்குமதிக்கு அது பெரிய முட்டுக்கட்டை. வந்த சில நாய்களை வைத்தே அந்தத் தீவு தன் பாக்ஸரைச் செய்துகொண்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் கொடுத்த விஷயம், மூன்று பேரின் இலக்கண ஏடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சர்வதேச நாய்ச் சங்கமான எஃப்சிஐ (நம்ம ஊர் நெல் கொள்முதல் எஃப்சிஐ இல்லை) ஆண் நாய்க்குச் சொல்வது 57 முதல் 63 செ.மீ. உயரம். பிரிட்டனிலும் அதே. அமெரிக்காவின் ஏகேசி சொல்வது 23 முதல் 25 அங்குலம், அதாவது 58-லிருந்து 63 சொச்சம். மூஞ்சி விஷயத்தில் எஃப்சிஐ 'மூஞ்சி ஒரு பங்கு, மண்டை இரண்டு பங்கு' என்கிறது. ஏகேசி 'மொத்தத் தலையில் மூன்றில் ஒன்று மூஞ்சி' என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதானே? சண்டை போடுகிற ஆட்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்களோ. இன்னொன்று, ஜெர்மன் பாக்ஸர் என்றால் மூட்டை மாதிரி கனமாக இருக்க வேண்டும் என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய ஏடே நாய் பருத்தோ கனத்தோ இருக்கக் கூடாது என்கிறது. ஒல்லிக்குச்சியாகவும் கூடாதாம்.

ஆக, வித்தியாசம் சிலபஸில் இல்லை, பரீட்சையில் இருக்கிறது. ஒரே பாடப் புத்தகம் வைத்துக்கொண்டு ஒரு காலேஜில் எழுத்துத் தேர்வு மட்டும் நடத்தி, இன்னொரு காலேஜில் பிராக்டிகலும் வைத்தால் வெளியே வருகிற மாணவர்கள் ஒரே மாதிரியா இருப்பார்கள்? ஜெர்மனியில் சங்கப் பதிவோடு குட்டி போட வைக்க வேண்டும் என்றால் தாயும் தகப்பனும் முதலில் தகுதித் தேர்வில் பாஸாக வேண்டும். இடுப்பு எலும்புக்கு எக்ஸ்ரே, இதயத்துக்குப் பரிசோதனை, 20 கிலோமீட்டர் ஓட்டம், குணம், தைரியம் எல்லாம் பார்ப்பார்கள். எஃப்சிஐ-யில் சர்வதேச சாம்பியன் பட்டம் வேண்டுமானாலும் பாக்ஸருக்கு வேலைத் தேர்வு கட்டாயம். அமெரிக்காவில் சாம்பியன் ஆக வளையத்துக்குள் அழகாக நடந்து நடுவரின் கண்ணில் பட்டால் போதும். ஓடவைத்துப் பார்க்கிற ஊரில் நாய் ஒரு மாதிரியும், நிற்கவைத்துப் பார்க்கிற ஊரில் வேறு மாதிரியும் ஆனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நிற்கவைத்துப் பார்ப்பதன் விளைவுக்கு ஒரு உதாரணம், ராக்கியின் வெள்ளை சாக்ஸ். கண்காட்சியில் இந்த வெள்ளை எடுப்பாகத் தெரியும், அதனால் அதற்குக் கிராக்கி. ஆனால் வெள்ளை சாக்ஸ் போட்ட இரண்டு பாக்ஸரைச் சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும். ப்ளஸ் டூ பயாலஜிதான், மெண்டல் பட்டாணி. உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை இருந்தால் எல்லா ஊர் ஏட்டிலும் அது தப்பு. வெள்ளைக் குட்டிகளில் ஐந்தில் ஒன்று வரைக்கும் காது கேளாமல் இருக்கும். பல பத்தாண்டுகளாக அந்தக் குட்டிகளைப் பிறந்தவுடனே கொன்றுவிடுகிற வழக்கம் இருந்தது. அழகான சாக்ஸுக்காக, நாலில் ஒன்றை உற்பத்திச் சேதாரம் என்று எழுதிவிட்டார்கள். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு 'நார்மல் லாஸ்' என்று பேர். உயிருக்கு அந்தக் கணக்கைப் போடலாமா என்று புத்தகத்தில் இல்லை.

ஜெர்மன்காரர்கள் மட்டும் உத்தமர்கள் என்று நினைக்க வேண்டாம். 1925-ல் அவர்களே ஒரு பேனாக் கோட்டில் வெள்ளையையும் கறுப்பையும் இனத்திலிருந்து தள்ளினார்கள். ஆனால் பாக்ஸர் இனத்துக்கே தாய் என்று சொல்லப்படுகிற மேட்டா ஃபான் டெர் பஸாஜ் இருக்கிறாளே, அவள் உடம்பில் பெரும்பகுதி வெள்ளை. அவளைப் பெற்ற பிளாங்கா முழு வெள்ளை. 1925 விதியை முப்பது வருடம் முன்னால் போட்டிருந்தால் இன்றைக்குச் சண்டை போட பாக்ஸரே இருந்திருக்காது. :-)

வால் கதை தனிக் கதை. ஜெர்மனியில் காது வெட்டுவது 1987-லிருந்து தடை, வால் வெட்டுவது 1998-லிருந்து தடை. இங்கிலாந்தில் வாலுக்குத் தடை வந்தது 2007-ல். அமெரிக்காவில் இன்றைக்கும் தடை இல்லை. வெட்டாத வாலோடு கண்காட்சிக்கு வந்தால் கடுமையாக மதிப்பெண் குறைக்கச் சொல்லி ஏட்டிலேயே இருக்கிறது. ஆக இன்றைக்குத் தெருவில் போகிற ஒருவர்கூட ஜெர்மன், அமெரிக்கன் இரண்டையும் வாலை வைத்தே பிரித்துவிடலாம். இந்த வித்தியாசம் ரத்தத்தில் இல்லை, கத்தியில்.

இதில் புரூஸ் கேட்டனாக் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. எலிகளின் மரபணு ஆராய்ச்சியில் பெரிய பெயர், வீட்டில் பாக்ஸர் வளர்த்தவர். வால் வெட்டத் தடை எப்படியும் வரும் என்று முன்கூட்டியே ஊகித்தார். கத்தி இல்லாமலே குட்டை வால் வேண்டும், என்ன செய்யலாம்? இங்கிலாந்து ராணி எலிசபெத் வளர்த்தாரே கார்கி, அந்த இனத்தில் சிலது பிறக்கும்போதே குட்டை வாலோடு பிறக்கும். 1992-ல் பாக்ஸரையும் கார்கியையும் சேர்த்தார். முதல் தலைமுறை பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பிறகு ஒவ்வொரு தலைமுறையையும் பாக்ஸரோடே சேர்த்தார். நாலே தலைமுறையில், பார்த்தால் அசல் பாக்ஸர், வால் மட்டும் பிறவியிலேயே குட்டை. 'சுத்த ரத்தம்' என்று நூறு வருடம் காப்பாற்றியதாகச் சொல்வதன் கனம் அவ்வளவுதான். முழுசாக வேறு இனத்தைக் கலந்தே நாலு தலைமுறையில் மறைத்துவிட முடிகிறது என்றால், ஒரே தாத்தாவின் பேரன்களுக்குள் எது ஒரிஜினல் என்று கேட்பது வீண் வேலை.

உண்மையில் பாக்ஸர்களுக்குள் வித்தியாசம் கம்மி என்பதுதான் பிரச்சினையே. 2005-ல் முதன்முதலாக ஒரு நாயின் முழு மரபணு வரிசையும் வெளியானது. அந்த நாய் டாஷா என்ற பெண் பாக்ஸர். ஏன் பாக்ஸர் தெரியுமா? சோதித்த நாய்களில் மரபணு வேறுபாடு குறைவாக இருந்தது அதற்கு, அதனால் வரிசைப்படுத்த வசதி. விஞ்ஞானிக்கு வசதி, நாய்க்கு ஆபத்து.

இப்போது ராக்கிக்கு வருகிறேன். பாக்ஸருக்கு வருகிற இதய நோய் ஒன்றின் பெயரிலேயே பாக்ஸர் உண்டு, 'பாக்ஸர் கார்டியோமயோபதி'. 1983-லேயே விவரமாக எழுதப்பட்டது. இதயத்தின் வலது கீழறைச் சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாகவும் நாராகவும் மாறும். துடிப்பு தாளம் தப்பும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடும், விளையாடும், சாப்பிடும். திடீரென்று மயக்கம் போட்டு விழும், எழும். ஒருநாள் எழாது. சாதாரணமாக ஸ்டெத் வைத்துப் பார்த்தால் மாட்டாமல் போகலாம். ஹோல்டர் என்ற கருவியை உடம்பில் கட்டி 24 மணி நேரத் துடிப்பைப் பதிவுசெய்து பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்டனாக்கும் மற்றவர்களும் வம்சாவளிகளைத் தோண்டினார்கள். 2015-ல் வெளியிட்டார்கள். அங்கே நோய் வந்த பாக்ஸர்களின் வேர், அமெரிக்காவிலிருந்து வந்த, தங்களுக்குள் நெருங்கிய சொந்தமான சில நாய்களிடம் போய் நின்றது. அழகுக்காக, கண்காட்சிக்காக இறக்குமதி செய்த சரக்கோடு இதுவும் சேர்ந்து வந்திருக்கிறது. இன்வாய்ஸில் எழுதாத ஐட்டம்.

உடனே ஜெர்மன் கட்சி ஆட்கள் கை தட்ட வேண்டாம். பெருநாடி வாசல் சுருங்குகிற இன்னொரு இதயக் கோளாறும் பாக்ஸரில் உண்டு. அதற்கும் சேர்த்துத்தான் ஜெர்மனியில் குட்டி போடுமுன் இதயம் பார்க்கிறார்கள். லைன் நல்ல லைன் என்பதற்காக யாரும் பார்க்காமல் விடுவதில்லை. அமெரிக்காவிலும் ஒழுங்காக வளர்ப்பவர்கள் ஹோல்டர் வைத்துத்தான் சேர்க்கிறார்கள், கட்டாயம் இல்லாவிட்டாலும். என் கருத்து இதுதான். ஜெர்மன், அமெரிக்கன், பிரிட்டிஷ் என்பது பிராண்ட். ஆடிட் ரிப்போர்ட் வேறு. நம்ம ஊரில் பிராண்டுக்கு விலை வைக்கிறார்கள், ரிப்போர்ட்டை யாரும் கேட்பதில்லை. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூடத் தேதி பார்க்கிற நாம், பல ஆயிரம் கொடுத்து வாங்குகிற உயிரின் அப்பா அம்மாவுக்கு இதயம் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறோம்.

ராக்கிக்கு அந்த நோய்தானா என்று நிரூபிக்க முடியாது. அவனை அறுத்துப் பார்க்க அத்தை விடவில்லை, கொல்லையில் மாமரத்தடியில் புதைத்தாயிற்று. அமெரிக்கன் லைன் என்று விற்றவர் சொன்னது நிஜமா என்றே தெரியாது, காகிதம் எதுவும் தரவில்லை. எனக்கு உறுத்துவது அந்த நாலு மாதம். முதல் மயக்கத்துக்கும் கடைசி மயக்கத்துக்கும் நடுவே இருந்த நாலு மாதம். அப்போது நான் அங்கேதான் செமஸ்டர் லீவில் இருந்தேன். அவன் விழுந்ததை நேரில் பார்த்தேன். மொபைலில் வீடியோ எடுக்கலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது, டாக்டரிடம் போகலாமா என்று தோன்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை அத்தை போன் பண்ணினார். பொள்ளாச்சிப் பக்கம் யாரோ பாக்ஸர் குட்டி வைத்திருக்கிறார்களாம். "இது ஜெர்மன் லைனாம் கண்ணு, தல பெருசா இருக்குது, மாமா பாத்துட்டு வந்துட்டாரு."

"அம்மா நாய்க்கு ஹார்ட் டெஸ்ட் எடுத்தாங்களான்னு கேளுங்க அத்தை."

"கேட்டேன் சாமி. அதெல்லாம் யாருமே கேக்க மாட்டாங்கன்னு சொல்றாரு."

"நீங்க கேட்டீங்கல்ல, அப்பறம் என்ன?"

அத்தை சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம், நானும் கூடப் போகிறேன். கேள்விகளை ஒரு பேப்பரில் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது பாக்ஸர் வளர்க்கிறீர்கள் என்றால், நான் விட்ட கேள்வி ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் பார்ப்பேன். திங்கட்கிழமை எனக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் வேறு. வர்ட்டா.